அழைத்துச் செல்பவர்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நூறு வயது ஆகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். மலர்க்குழுச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்து, நெஞ்சு நோய் வார்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எந்த வருஷம் கட்டினது, எத்தனை கட்டில், எக்ஸ்ரே மெஷின் எப்போது வந்தது, யார் வந்து திறந்துவைத்தார், இவ்வளவு இருந்தால் போதுமாம். இருபத்தேழு வருஷம் அந்த வார்டில் ஓடி ஓடிக் கால் தேய்ந்தவள் நான். என்னிடம் வந்து மெஷினுக்குப் பிறந்த தேதி கேட்கிறார். சரி சரி என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

அவர் கேட்டதை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஆரம்பத்தில் இது ஆஸ்பத்திரியே இல்லை, கப்பல் கயிறு போட்டுவைக்கும் கிடங்கு. காய்ச்சலோடு இறங்கும் மாலுமிகளை ஊருக்குள் விடாமல் அங்கே படுக்கவைத்தார்கள். பன்னிரண்டு கட்டில். பிழைத்தவன் அடுத்த கப்பலில் ஏறினான், பிழைக்காதவன் இங்கேயே தங்கிவிட்டான். பிறகு கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ ஒரு டாக்டர் நம்பி, கடலைப் பார்த்து நீளமாக ஒரு வார்டு கட்டினார். முப்பத்து நாலு கட்டில், ஒரு பக்கம் முழுக்க வராந்தா. விடிந்ததும் கட்டில்களைச் சக்கரத்தோடு வராந்தாவுக்குத் தள்ள வேண்டும். காற்று யாரைக் குணப்படுத்தியதோ தெரியாது, கட்டில் கால் அத்தனையையும் துருப்பிடிக்கவைத்தது. ஊசியும் மாத்திரையும் வந்த பிறகுதான் ஆட்கள் நடந்து வெளியே போக ஆரம்பித்தார்கள்.

வரலாறு முடிந்தது. இனி நான் பதினேழைப் பற்றிச் சொல்கிறேன். செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

பதினேழு என்பது ஒரு பெண். அந்த வார்டில் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. நெஞ்சு நோய் என்று வெளியே தெரிந்தால் அந்தக் காலத்தில் வீட்டையே ஒதுக்கிவைப்பார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை வராது, தம்பிக்கு வேலை கிடைக்காது. அதனால் சேர்க்கும்போதே வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள், பெயரை மட்டும் எங்கேயும் போடாதீர்கள் என்று. பெயர் ஒரே ஒரு நோட்டில் இருக்கும். அந்த நோட்டு ஆபீஸ் அலமாரியில் பூட்டுக்குள் இருக்கும். மற்றபடி மருந்துச் சீட்டிலும் சாப்பாட்டுப் பட்டியலிலும் எக்ஸ்ரே படத்திலும் கட்டில் எண்தான். கூப்பிடுவதும் அப்படித்தான். ஒன்பதுக்கு ஊசி போட்டாயிற்றா, இருபத்திரண்டு ஏன் சாப்பிடவில்லை என்றுதான் பேசிக்கொள்வோம். இன்றைக்குக் கேட்டால் கல்நெஞ்சம் என்பீர்கள். அன்றைக்கு அதுதான் மரியாதை.

அவள் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. நூல் மில்லில் வேலை பார்த்தவள். இருமலில் ரத்தம் வந்ததும் அண்ணன்காரன் பஸ்ஸில் கூட்டிவந்தான். சேர்ப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனான். ஒன்றரை வருஷம் அவளுக்கு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று தடவை சளியைச் சோதித்தும் கிருமி இல்லை. படத்தில் நெஞ்சு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கூட்டிப் போகலாம் என்று அப்போதைய பெரிய சிஸ்டர் அண்ணனுக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார், அதுவும் கிணற்றில் போட்ட கல். மூன்றாவது கடிதம், இந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. அந்த எழுத்து அண்ணனுடைய எழுத்துதான் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய சிஸ்டரிடம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்.

தனியாக அனுப்பிவைக்கலாமே என்று கேட்பீர்கள். வார்டிலிருந்து அனுப்பும் சீட்டில் கடைசியில் இரண்டு இடம் உண்டு. ஒன்று "அழைத்துச் செல்பவர்", இன்னொன்று "உறவு". அவளுக்கெல்லாம் முன்னால், குணமான ஒரு பெண்ணைத் தனியாக வெளியே விட்டார்களாம். வீட்டில் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்தவள் வார்டுக்குள் வராமல் நேரே கடலுக்குள் நடந்துவிட்டாள். வராந்தாவில் படுத்திருந்த முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்து ஓட ஒருவருக்கும் தெம்பில்லை. அதிலிருந்து, சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போடாமல் எந்தப் பெண்ணையும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

பெரிய சிஸ்டர் பார்த்தார். வெளியே விட முடியாது. உள்ளே வைத்தால் நோயாளியாகத்தான் வைக்க முடியும், நோயாளிக்குத்தான் கட்டிலும் பாலும் ரொட்டியும். டாக்டரிடம் பேசி, சீட்டில் "கண்காணிப்பில்" என்று ஒரு வார்த்தை எழுதவைத்தார். அடுத்த மாதமும் அதே வார்த்தை. அதற்கடுத்த மாதமும். டாக்டர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, பதினேழை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தனக்கு அடுத்தவரிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் ஒரு முழு மனுஷியை நோயாளிப் பட்டியலில் மறைத்துவைத்தோம். முப்பத்தெட்டு வருஷம், பதினோரு டாக்டர்கள். யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அவள் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. வார்டின் கடைசியில் துணி அறை. விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் அங்கே வரும். கிழிந்ததைத் தைப்பாள், மடிப்பாள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் கட்டில் எண் போடுவாள். கடல் காற்றில் எங்கள் ஊரில் துணி முழுசாகக் காயவே காயாது. ஒரு பிசுபிசுப்பு இருந்துகொண்டே இருக்கும். அவள் கைபட்ட விரிப்பில் மட்டும் அது இருக்காது. எப்படி என்று கேட்டால் இரண்டு தடவை இஸ்திரி போடுகிறேன், வேறு என்ன வேலை எனக்கு என்பாள்.

நான் அந்த வார்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது, அவளுக்கு முப்பது. முதல் நாளே பதினொன்றாம் கட்டில் என் கையில் செத்துப்போனது. துணி அறையில் போய் அழுதேன். அவள் தையலை நிறுத்தாமலே பேசினாள்.

"தங்கச்சி, இங்க அழாத. துணியெல்லாம் நனையுது. வராந்தாவுல போய் அழு, காத்துல காஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. நாலு வருஷம் கழித்து என் கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, குழந்தை குட்டி இல்லாமல் இரண்டு அறை வீட்டில் தனியாக நின்றவளை மறுபடி மனுஷியாக்கியது அந்தத் துணி அறைதான். மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவேன். பேசாத பேச்சு இல்லை. பெயர் என்ன என்று மட்டும் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டாகிவிட்டது, அக்காவுக்கு எதற்குப் பெயர்?

வருஷத்துக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அன்றைக்கு அக்காவுக்கு ஓய்வு. பதினேழாம் கட்டிலில் படுக்கவைத்து, வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, கழுத்துவரை போர்த்திவிடுவோம். வேளைக்கு முட்டையும் பாலுமாகச் சாப்பிட்டுக் கன்னம் தளதளவென்று இருக்கும். இருமச் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். ஒரு தடவை வந்த அதிகாரி, ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார், கட்டிலருகே நின்று அவளையே பார்த்துவிட்டு, இந்த அம்மா என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறாரே என்றார். டாக்டர் கொஞ்சமும் அசராமல், இந்த நோயின் தந்திரமே அதுதான் சார் என்றார். அந்த அதிகாரி அடுத்த வாரம் தன் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

பட்டியலுக்காக அவளுக்கும் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரேக்காரர் அதிகம் பேசாத ஆள், கல்யாணம் ஆகாதவர். தாய் தகப்பன் போன பிறகு மூத்த அக்காதான் வளர்த்திருந்தார். நான் வந்த மூன்றாம் வருஷம், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான நெஞ்சு வேறு யாருக்கும் இல்லை என்றாராம். இவள் விடுவாளா?

"அப்போ என் நெஞ்சுல ஒண்ணுமே இல்லங்கிறீங்க."

"இருக்கறது இந்த மெஷின்ல தெரியாது" என்றிருக்கிறார் அவர்.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் தலையணை உறையின் நாலு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அப்புறம் பிரித்தோம். அவர் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம், பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாராம். அப்போதாவது என்ன பெயர் என்று நான் கேட்டிருக்கலாம். கேலி செய்கிற மும்முரத்தில் தோன்றவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த மாதம் ஆய்வுக்கு யாரோ பெண் அதிகாரி வருவதாகப் பேச்சு. ஒரு காலை, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் பையோடு ஒரு அம்மாள் விறுவிறுவென்று வார்டுக்குள் வந்து, பதினேழாம் கட்டில் நோயாளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். ஆனால் பாடம் மனப்பாடமாயிற்றே. நாற்காலி போட்டேன். பதினேழு இன்னும் குணமாகவில்லை, நீண்ட நாள் கண்காணிப்பில் இருக்கிற கேஸ் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கேட்காமலே உள்ளே போய்ப் பதினாலு வருஷத்துச் சீட்டுக் கட்டையும் தூக்கிவந்து மேஜையில் வைத்து, மாதம் மாதமாகத் திருப்பிக் காட்டினேன். கடைசி மூன்று வருஷம் முழுக்க என் கையெழுத்து. வேறு யாருக்கும் பரவுமா என்று அந்த அம்மாள் கேட்டார். சொல்ல முடியாது, ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம் என்றேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று துள்ளிக் குதித்துத் துணி அறைக்கு ஓடினேன்.

அது எக்ஸ்ரேக்காரரின் அக்கா.

சாயங்காலமே தெரிந்துவிட்டது, தம்பி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று தம்பி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "நீ படத்தைப் பாக்குற. நான் பேப்பரைப் பாத்துட்டு வந்தேன்" என்றாராம் அந்த அம்மாள். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அரசாங்கச் சீட்டைப் பார்த்தவர் யாருமே அப்படித்தான் சொல்வார்கள்.

எக்ஸ்ரேக்காரர் எங்கள் துணி அறை அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குணமாகிவிட்டது என்று ஒரு காகிதம், அது போதும், வீட்டில் வாயை அடைத்துவிடலாம் என்றார். காகிதம் இல்லாமல் நோயாளியைக் கூட்டிப் போனால் அவர் வேலையும் போகும், ஓடிப்போனவள் என்று இவள் பெயரும் கெடும். அவள் என்னிடம் வந்தாள். நான் வந்த மூன்று வருஷத்தில் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, குணமாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிக் குடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

டாக்டரிடம் போனேன். அவர் பேனாவைத் திறந்துகூட விட்டார். பிறகு மூடிவைத்துவிட்டு யோசித்தார். குணமானது எப்போது என்று கேட்பார்கள். பதினாலு வருஷம் எதற்குக் கட்டில் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். எழுதியவர்கள் அத்தனை பேருக்கும் விசாரணை வரும். போதாததற்குச் சொந்தக்காரர் கையெழுத்துக்கு எங்கே போவது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சிஸ்டர் என்று என் முகத்தைப் பார்த்தார். எழுதுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். சத்தியமாக எழுதியிருப்பார். எனக்கு என் மூன்று வருஷக் கையெழுத்து ஞாபகம் வந்தது. இந்த ஆய்வு முடியட்டும் சார் என்றேன்.

அக்காவிடம் வந்து, கொஞ்சம் பொறு என்றேன். ஆய்வு முடிந்தது. இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். ஏழு மாதம் அப்படியே போயிற்று. எக்ஸ்ரேக்காரர் ஒரு நாள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு துணி அறைக்குப் போனேன். அவள் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. தங்கச்சி போய் சிஸ்டர் வந்துவிட்டது. இருபத்து நாலு வருஷம் அதே துணி அறையில், அதே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை பெய்தால் மழையைப் பற்றிப் பேசுவோம். மாதக் கடைசியில் நான் அவள் சீட்டில் "கண்காணிப்பில்" என்று எழுதுவேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு அப்புறம் வரவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். ஆற்றிக்கொண்டு என்ன? வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும். அவளும் அந்நேரம் முப்பத்து நாலு கட்டில் நடுவே தனியாகத்தான் படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தெரு, ஒரு மதில் சுவர்.

பிறகு கடல் உள்ளே வர ஆரம்பித்தது. வராந்தாப் படி இரண்டை அரித்துவிட்டது. ஊருக்குள் புதுக் கட்டடம் கட்டி, வார்டை அங்கே மாற்றுவதாக முடிவானது. அந்த நேரம் பார்த்துப் பதினோராவது டாக்டர் இதய நோயில் படுத்துவிட்டார், சாவி ஒப்படைக்காமலே. வந்தவர் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. பதினேழைத் தொடாதீர்கள் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டாம் நாளே தொட்டுவிட்டார்.

சீட்டுக்கட்டு முழுவதையும் மேஜையில் அடுக்கிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போக வேண்டும், புதுக் கட்டடத்தில் நோயில்லாதவருக்குக் கட்டில் கிடையாது, தீராத நோய் என்று எழுதினால் முப்பது மைலுக்கு அப்பால் ஒரு இல்லத்துக்கு அனுப்புவார்கள், சாகும்வரை அங்கேதான், குணமாகிவிட்டது என்று எழுதினால் வெளியே போக வேண்டும் என்றார். எது என்று கேட்டார். இல்லத்தில் வேளைக்குச் சாப்பாடாவது கிடைக்குமே என்று மெல்ல இழுத்தேன். அப்போதும் பாருங்கள், என் புத்தி அந்த வழியில்தான் போயிற்று.

டாக்டரம்மா அவளையே கூப்பிட்டுக் கேட்டார். அக்கா கையில் ஊசி நூலோடு வந்து நின்றாள். ஐம்பத்தேழு வயது, காதோரம் முழுக்க நரை.

"குணமாயிடுச்சுன்னு எழுதுங்கம்மா" என்றாள். இடம் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டதற்கெல்லாம் அதே பதில்தான்.

சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் விட முடியாது, உத்தரவு அப்படி என்று நான் குறுக்கே சொன்னேன். எந்த உத்தரவு, காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா. இருபத்தேழு வருஷத்தில் அந்த உத்தரவை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆபீஸ் அலமாரியின் அடித்தட்டில் தேடினார்கள். கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது, மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. டாக்டரம்மா சத்தமாகப் படித்தார். பெண் நோயாளிகளை ஒருவரின் பொறுப்பில்தான் அனுப்ப வேண்டும். அழைத்துச் செல்பவர் எவராயினும் கையெழுத்திட்டால் போதும். உறவினராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா இன்னொரு தடவை படித்தார். எவராயினும். எக்ஸ்ரேக்காரர் போட்டிருக்கலாம். பெரிய சிஸ்டர் போட்டிருக்கலாம். துணி வெளுக்கிறவர் போட்டிருக்கலாம். நான் வந்த முதல் நாளே நான் போட்டிருக்கலாம். அவள் சரிம்மா என்று சொல்லிவிட்டு, விட்ட தையலைப் போடப் போய்விட்டாள்.

அன்றைக்கே டாக்டரம்மா சீட்டை எழுதிவிட்டார். "குணமடைந்தார்." கடைசியாகக் கிருமி இல்லை என்று கண்ட தேதி என்ற இடத்தில், பெரிய சிஸ்டர் காலத்துத் தேதியையே போட்டார். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. விசாரணை வந்தால் வரட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். வரவும் இல்லை. எதற்குப் பயந்தோமோ அது ஒன்றுமே இல்லை.

கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு அவளிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலை யாரையாவது போடவைத்துக் கொண்டுவரச் சொன்னார். யாரை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்? வியாழக்கிழமை லீவு போட்டு வீட்டில் இரண்டாவது அறையை ஒழித்தேன். கணவரின் பழைய பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். புதுத் தலையணை வாங்கினேன். ஜன்னல் கொக்கி சரியாக விழாது, ஆளை விட்டுச் சரி செய்தேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதலாமா, அவள் என்ன நினைப்பாள் என்று நாள் முழுக்க அதே யோசனை. அவளிடம் வாயைத் திறந்து கேட்கத்தான் இல்லை. கேட்டால் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை காலை, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு வார்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கட்டில்கள் எல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் வெளுத்த புடவையில், கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். சீட்டை என் முன்னால் வைத்தாள்.

அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. பெண் பெயர். கீழே கையெழுத்தும் இருந்தது. நான் கேள்விப்பட்டதே இல்லை அந்தப் பெயரை. எனக்குப் பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தம் இன்றைக்கு வந்து முளைத்துவிட்டதா? எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"யாருக்கா இவங்க? வெளிய நிக்கிறாங்களா? உள்ள கூப்பிட வேண்டியதுதானே."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"நான்தான் சிஸ்டர்" என்றாள்.

மறுபடி சீட்டைப் பார்த்தேன். உறவு என்ற இடத்தில் "நானே" என்று எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக, ஆனால் அழுத்தமாக இருந்தது. எவராயினும் என்றுதானே உத்தரவில் இருந்தது. டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார், முத்திரை குத்தினார். ஒரு பிரதியை அவளிடம் கொடுத்து, இன்னொன்றை என்னிடம் கொடுத்தார். அவள் தன் பிரதியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளுக்கிறவரிடம் சொல்லிக்கொண்டாள், சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டாள், என்னிடமும் போய்வருகிறேன் என்றாள். எங்கே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை, அங்கே வேலை, மேலே ஒரு அறை என்றாள். எல்லாம் அவளே பேசி முடித்திருக்கிறாள். வராந்தாப் படி உடைந்திருந்ததால் சுற்றிக்கொண்டு மதில் வாசல் வழியாகப் போனாள். பையைத் தூக்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். கனமில்லை சிஸ்டர் என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த அறையில் புதுத் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் வீடு கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி, அங்கே காற்று வராது.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மலருக்காக அவள் பெயரைக் கேட்டுச் செயலாளர் என்னிடம் வருவார், தெரியும். நான் சொல்ல மாட்டேன், அவளையே போய்க் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தக் கடைக்குப் போவேன். கீழே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடிப்போம். மேலே அறைக்கு அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. கடைக்குள் நுழையும்போதே பெயரைச் சொல்லி, அக்கா என்று சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவேன். கூப்பிடக் கூப்பிட நாக்கு பழகிவிட்டது. அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். வாங்க சிஸ்டர் என்பாள்.